படம் முதலில், கதை பிறகு: பல்ப் இதழ் அட்டைகளும் ஆரம்பகால ஹாலிவுட் விளம்பரமும்

பழுப்புத்தாள் எழுதியது:

1930இல் அமெரிக்க வானொலியில் ஒரு துப்பறியும் கதை நிகழ்ச்சி ஓடியது. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் என்ற நியூயார்க் பதிப்பகம் தன் துப்பறியும் இதழை விற்பதற்காக நடத்திய நிகழ்ச்சி. கதை சொல்லும் குரலுக்கு 'ஷேடோ' என்று பெயர் வைத்தார்கள். கேட்டவர்களுக்குக் குரல் பிடித்துப்போனது. கடைக்குப் போய் "அந்த ஷேடோ புத்தகம் கொடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி ஓர் இதழே அப்போது கிடையாது.

உடனே ஒன்றைத் தொடங்க முடிவு செய்தது பதிப்பகம். அது பொருளாதாரம் படுத்துவிட்ட காலம். புது ஓவியத்துக்குக் காசு செலவழிக்க மனம் வரவில்லை, பழைய கிடங்கைத் துழாவினார்கள். 1919 அக்டோபரில் தங்களுடைய 'த்ரில் புக்' இதழுக்கு மாடெஸ்ட் ஸ்டைன் வரைந்த ஓர் அட்டை கையில் சிக்கியது. சீன உடையில் ஒருவர், சுவரில் அவருடைய பெரிய நிழல். நிழல் இருக்கிறதே, போதும். ஆனால் எழுதச் சொல்லியிருந்த கதையில் சீனர் யாரும் இல்லை. எழுத்தாளர் வால்டர் கிப்சனிடம் சொல்லி, அட்டைக்குப் பொருந்தும்படி கதைக்குள் ஒரு சீனப் பகுதியைச் சேர்க்க வைத்தார்கள். 1931 ஏப்ரலில் முதல் இதழ் வந்தது. அதன்பின் 18 ஆண்டுகள் ஓடி 325 நாவல்கள் வந்தன. அவற்றில் 282 கிப்சன் எழுதியவை.

இழையைத் தொடங்கக் காரணம் இதுதான். மலிவான மரக்கூழ்த் தாளில் வந்த கதை இதழ்களான பல்ப் இதழ்களைப் பற்றிப் பேசும்போது கதாசிரியர்களின் பெயரைத்தான் சொல்கிறோம், அட்டையை ஏதோ பொட்டலம் கட்டிய தாள் மாதிரி ஒதுக்கிவிடுகிறோம். படம் முதலில் வந்து கதையை வளைத்த சம்பவங்கள் ஏராளம். அந்த ஓவியர்களைக் கதையின் கூட்டாசிரியர்கள் என்றே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. அதே ஆண்டுகளில் ஹாலிவுட் விளம்பரத்திலும் இதே கதை நடந்ததா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

இடைவேளை எழுதியது:

நடந்தது. சொல்லப்போனால் அங்கே இன்னும் ஒரு படி மேலே போய், விளம்பரம் ஆளையே உருவாக்கியது.

1910க்கு முன்னால் அமெரிக்கப் படங்களில் நடிகர்களின் பெயரைப் போட மாட்டார்கள். பெயர் தெரிந்தால் சம்பளம் கூடக் கேட்பார்கள் என்ற பயம். பயோகிராஃப் நிறுவனத்தின் படங்களில் நடித்த ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் வெறும் 'பயோகிராஃப் பெண்' என்றுதான் ரசிகர்களுக்குத் தெரியும். தயாரிப்பாளர் கார்ல் லெம்லி அவரைத் தன் 'இம்ப்' நிறுவனத்துக்கு இழுத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் ஃபுளோரன்ஸ் விபத்தில் இறந்துவிட்டதாக ஒரு புரளி. 1910 மார்ச் 12 தேதியிட்ட 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' இதழில், புரளி பச்சைப் பொய், ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் நலமாக இருக்கிறார், எங்கள் படத்தில் நடிக்கிறார் என்று பெரிய விளம்பரம் கொடுத்தார் லெம்லி. புரளியைக் கிளப்பியதே அவர் ஆட்கள்தான் என்று சினிமா வரலாற்று நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த மாதமே செயின்ட் லூயிஸ் நகருக்கு அவரை நேரில் கூட்டிப்போய் நிறுத்தினார்கள், ரயில் நிலையத்தில் பெருங்கூட்டம். நடிகையின் பெயரைச் சொல்லிப் படத்தை விற்கும் பழக்கம் வேர் பிடித்த காலம் அது.

அடுத்து தீடா பாரா. இயற்பெயர் தியோடோசியா குட்மேன், ஓஹையோ மாநிலம் சின்சினாட்டியில் ஒரு யூதத் தையல்காரரின் மகள். 1915இல் ஃபாக்ஸ் நிறுவனம் அவரை அறிமுகப்படுத்தியபோது விளம்பரப் பிரிவு அவருக்கு ஒரு புதுப் பிறப்பையே எழுதிக் கொடுத்தது. சஹாரா பாலைவனத்தில் பிறந்தவராம், அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா அரபுப் பெண். எலும்புக்கூட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். ஆண்களை மயக்கி அழிக்கும் பெண் என்ற உருவம் ரசிகர்கள் மனதில் பதிந்ததில் அந்தப் புகைப்படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாராவைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இன்னொன்று. 1937 ஜூலையில் நியூஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரியில் ஃபாக்ஸின் ஃபிலிம் கிடங்கு தீப்பிடித்தது. நைட்ரேட் ஃபிலிம், பற்றினால் அணைக்க முடியாது. பாரா நடித்த சுமார் 40 படங்களில் இன்று முழுதாக மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1917இல் வந்த 'கிளியோபாட்ரா'வில் துண்டு துண்டாகக் கொஞ்சம் காட்சிகள் மட்டும் கிடைத்துள்ளன. ஸ்டில்களும் சுவரொட்டிகளும் நிறையவே தப்பித்துவிட்டன. இன்று நமக்குக் 'கிளியோபாட்ரா' என்பது அதன் விளம்பரம் மட்டுமே.

---

மைவண்ணன் எழுதியது:

நான் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவன். அச்சுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், இது புரிந்தால் அந்த அட்டைகள் ஏன் அப்படி இருந்தன என்பதும் புரியும்.

பல்ப் இதழின் உள்தாள் மட்டமான மரக்கூழ்த் தாள். மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே கிடக்கும், அதனால் சில ஆண்டுகளில் பழுப்பாகி விளிம்பு உதிரும். ஓரத்தை வெட்டிச் சீராக்கவும் மாட்டார்கள், அதற்கும் காசு. அளவு ஏறத்தாழ 7க்கு 10 அங்குலம். ஃபிராங்க் மன்ஸி 1896இல் 'ஆர்கோஸி'யை முழுக்க முழுக்கக் கதை இதழாக்கி இந்தத் தாளில் அடித்ததுதான் தொடக்கம். நல்ல தாள், நான்கு வண்ணம் எல்லாம் அட்டைக்கு மட்டும்தான். பத்திலிருந்து இருபத்தைந்து சென்ட் விலையுள்ள சரக்கில் கண்ணுக்குத் தெரியும் ஒரே செலவு அட்டைதான்.

கடையில் நூறு இதழ் தொங்கும். அந்தக் கூட்டத்தில் கண்ணை இழுக்க வேண்டும். அதனால்தான் சிவப்பும் மஞ்சளும் கலக்காமல் பளீரென்று நிற்கும். ஓவியர் பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தில் பெரிய கேன்வாஸில் வரைவார், அச்சுத் தகடான பிளாக் எடுக்கும்போது அது சின்னதாகும். நுணுக்கமெல்லாம் காணாமல் போகும் என்று தெரிந்தே வரைந்தார்கள். மேலே மூன்றில் ஒரு பங்கை இதழின் பெயருக்கு விட்டுவிட்டு, ஒளியை ஒரு பக்கத்திலிருந்து கொடுத்து, ஒரே ஒரு செயலை நடுவில் வைப்பார்கள். ஜார்ஜ் ரோஸன் வரைந்த ஷேடோ அட்டைகளைப் பாருங்கள், தொப்பி, மூக்கு, கண், சிவப்புத் துணி. இவ்வளவுதான். பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியும்.

சினிமா சுவரொட்டி வேறு தொழில். அது லித்தோ, கல்லில் வரைந்து அச்சிடும் முறை. சர்க்கஸ் சுவரொட்டி அடித்துப் பழகிய அச்சகங்களுக்கே இந்த வேலையும் போனது, கிளீவ்லாந்தின் மார்கன் லித்தோ அதில் பெரியது. ஒரு வண்ணத்துக்கு ஒரு கல், பிறகு துத்தநாகத் தகடு வந்தது. ஓவியரின் படத்தைப் பார்த்துக் கையாலேயே ஒவ்வொரு வண்ணத்தையும் கல்லில் பிரித்து வரையும் கைவினைஞர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர் எங்கும் அச்சாகவில்லை. கூட்டாசிரியர் என்று கணக்கெடுத்தால் அவர்களையும் சேர்க்க வேண்டும், பழுப்புத்தாள் சார்.

---

நீலப்பென்சில் எழுதியது:

மார்கரெட் பிரண்டேஜ் பெயர் இன்னும் வரவில்லையே! இந்த இழையின் தலைப்புக்கு அவரைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது.

சிகாகோவில் 1900இல் பிறந்தவர். ஃபேஷன் படங்கள் வரைந்து பிழைத்தவர். மந்தநிலைக் காலத்தில் மகனையும் தாயையும் காப்பாற்ற வேண்டிய நிலை. தன் படங்களைத் தூக்கிக்கொண்டு போய் 'வியர்ட் டேல்ஸ்' ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டைப் பார்த்தார். 1932 செப்டம்பரில் முதல் அட்டை. அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்த இதழின் முகமே அவருடைய முகம்தான். அட்டைக்கு 90 டாலர். ராபர்ட் ஹோவர்டின் வாள்வீரன் கோனன் கதைகளுக்கு மட்டும் 9 அட்டைகள்.

மற்றவர்கள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தபோது இவர் பேஸ்டலில் வரைந்தார். அந்த மென்மையான தோல், புகை போன்ற பின்புலம் எல்லாம் அந்தச் சுண்ணக்கட்டியால் வந்தவை. கையெழுத்து 'எம். பிரண்டேஜ்' என்றிருக்கும். வாசகர்கள் ஆண் என்றே நினைத்தார்கள். உடையில்லாத பெண் உருவங்கள் வேண்டுமா வேண்டாமா என்று வாசகர் கடிதப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் சண்டை. வரைபவர் பெண் என்று இதழே 1934இல் சொன்ன பிறகும் சண்டை ஓயவில்லை.

இப்போது பழுப்புத்தாள் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பிரண்டேஜ் எந்தக் காட்சியை விரும்பி வரைவார் என்று எழுத்தாளர்களுக்குத் தெரிந்துபோயிற்று. அட்டை கிடைத்தால் கதாசிரியருக்கு மதிப்பு. ஆகவே அவர் வரையத் தோதாக ஒரு காட்சியைக் கதைக்குள் வைக்க ஆரம்பித்தார்கள். சீபரி க்வின் இதில் கைதேர்ந்தவர், ராபர்ட் ஹோவர்டும் செய்தார். ஒரு பெண்ணின் பேஸ்டல் பெட்டி, ஊர் பேர் தெரியாத எழுத்தாளர்களின் கற்பனைக்குத் திசை காட்டியது. 1938இல் இதழ் நியூயார்க்குக்குப் போனது. பேஸ்டல் தொட்டால் அழியும், சிகாகோவிலிருந்து ரயிலேற்றி அனுப்புவது பாடு. நியூயார்க்கில் மேயர் லகார்டியாவின் நிர்வாகம் கடைகளில் தொங்கும் அட்டைகளின் மேல் கண்டிப்புக் காட்டியது. அவருக்கு வேலை குறைந்துபோனது. 1976இல் காலமானார். கடைசிவரை வசதி வரவில்லை.

எனக்கு அவருடைய வேலையின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆண்கள் மட்டுமே வாங்குகிறார்கள் என்று எல்லோரும் நம்பிய சந்தையில், அந்தப் பெண் உருவங்களுக்குப் பயத்தோடு சேர்த்து ஒரு சொந்தப் பார்வையையும் கொடுத்தார். சவுக்கைப் பிடித்திருப்பவளும் பெண்தான் அவர் அட்டைகளில்.

---

ஒற்றைத்திரை எழுதியது:

ஓவியர்களை மதிக்கலாம், சரி. ஆனால் கூட்டாசிரியர் என்பது மிகை. 1929 செப்டம்பரிலிருந்து 1930 ஜனவரி வரை 'பிளாக் மாஸ்க்' என்ற பல்ப் இதழில் டேஷியல் ஹாமெட்டின் 'மால்டீஸ் ஃபால்கன்' தொடராக வந்தது. 1933இல் ரேமண்ட் சாண்ட்லரின் முதல் துப்பறியும் கதை அதே இதழில். அவை இன்றும் வாசிக்கப்படுவது அட்டையாலா? அந்தக் கதைகளைப் படித்த யாருக்காவது அந்த இதழின் அட்டை நினைவிருக்கிறதா? ஹாமெட்டின் வாக்கியங்கள் எந்த ஓவியருக்காகவும் வளையவில்லை. வளைந்து கொடுத்த கதைகளில் பெரும்பாலானவை மறக்கப்பட்டுவிட்டன. அட்டை இதழை விற்றது, எழுத்து நின்றது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

---

பழுப்புத்தாள் எழுதியது:

ஒற்றைத்திரை, ஹாமெட் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மக்கள் நினைவில் நிற்பது வாக்கியங்கள் மட்டும்தானா?

1928 ஆகஸ்ட் 'அமேசிங் ஸ்டோரீஸ்' அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க் ஆர். பால் வரைந்தது. சிவப்பு உடை மனிதன் முதுகில் கருவியைக் கட்டிக்கொண்டு புல்வெளிக்கு மேலே மிதக்கிறான். அது இ. இ. ஸ்மித்தின் 'ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்' தொடருக்கான படம். அதே இதழின் உள்ளே ஃபிலிப் நோலனின் ஒரு கதை இருந்தது, பக் ரோஜர்ஸ் என்ற எதிர்கால சாகச நாயகன் பிறந்தது அந்தக் கதையில்தான். அடுத்த ஆண்டு அது செய்தித்தாளில் படக்கதையாகி, 1939இல் யுனிவர்சல் பஸ்டர் கிராப்பை வைத்துத் தொடர்படமும் எடுத்தது. இன்றுவரை பலர் அந்த அட்டையில் பறப்பவன் பக் ரோஜர்ஸ் என்றே சத்தியம் செய்கிறார்கள். பால் வரைந்த உருவம் அந்தக் கதையையே விழுங்கிவிட்டது. கட்டடக்கலை படித்தவர் அவர், மனிதர்களைச் சுமாராக வரைந்தாலும் இயந்திரங்களையும் நகரங்களையும் யாரும் அவர்போல வரைந்ததில்லை. எதிர்காலம் எப்படி இருக்கும் என்ற படம் ஒரு தலைமுறைக்கு அவர் கையிலிருந்து வந்தது.

டார்ஜானும் அப்படித்தான். 1912 அக்டோபர் 'ஆல்-ஸ்டோரி' இதழில் முழு நாவலும் ஒரே தவணையில் வந்தது, எட்கர் ரைஸ் பரோஸுக்கு 700 டாலர். கிளின்டன் பெட்டீயின் அட்டையில் டார்ஜான் சிங்கத்தோடு மல்லுக்கு நிற்கிறான். 1918இல் எல்மோ லிங்கனை வைத்துப் படம் வந்தது. ஆப்பிரிக்கக் காடு என்று காட்டியது லூயிசியானாவின் சதுப்பு நிலம்! 1920இல் இன்னொரு டார்ஜான் படத்துக்கு ஹாரி ரைக்கன்பாக் என்ற விளம்பரக்காரர் செய்தது ஊரறிந்த கதை. டி. ஆர். ஸான் என்ற பெயரில் ஒருவர் நியூயார்க்கின் பெல்கிளேர் ஓட்டலில் அறை எடுத்தார், கூடவே ஒரு பெரிய பெட்டி. பிறகு 15 பவுண்டு பச்சை இறைச்சி வேண்டும் என்று கேட்டார். பெட்டிக்குள் உயிருள்ள சிங்கம். போலீஸ் வந்தது, நிருபர்கள் வந்தார்கள். அவர் பெயரைச் சேர்த்துப் படித்தவர்களுக்குப் படத்தின் விளம்பரம் புரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டீ வரைந்த சிங்கம் நடந்து வந்து ஓட்டலில் தங்கியது என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஸோரோவும் உண்டு. 1919 ஆகஸ்டில் ஜான்ஸ்டன் மெக்கலி எழுதிய பல்ப் தொடர், கதை முடிவில் முகமூடியைக் கழற்றிவிட்டு எல்லார் முன்னும் நின்றுவிடுகிறான் நாயகன். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் 1920இல் படமாக எடுத்து ஓகோவென்று ஓடியதும், மெக்கலி 1922இல் முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டுத் தொடர்ந்து எழுதினார்.

---

கரைவேட்டி எழுதியது:

எல்லோரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். இழையின் முதல் பதிவிலேயே இருக்கிறது. 1919இல் வரைந்த சீனரை 1931இல் அப்படியே எடுத்து ஒட்ட முடிந்தது எப்படி? 12 ஆண்டுகளில் அந்தப் பார்வை துளியும் மாறவில்லை என்பதால்தான். ஆசிய முகம் என்றால் மர்மம், ஆபத்து. 1935இல் 'வூ ஃபாங்' என்ற வில்லன் பெயரிலேயே ஓர் இதழ் நடத்தினார்கள், மாதாமாதம் அட்டையில் மஞ்சள் தோலும் நீண்ட நகமும். சினிமாவும் விடவில்லை. 1932இல் எம்ஜிஎம் எடுத்த ஃபூ மான்சூ படத்தில் போரிஸ் கார்லாஃபுக்கும் மிர்னா லோய்க்கும் சீன வேஷம் போட்டார்கள். வாஷிங்டனில் இருந்த சீனத் தூதரகம் ஆட்சேபம் தெரிவித்தது. அதே ஹாலிவுட்டில் ஆனா மே வோங் என்ற அசலான சீன அமெரிக்க நடிகை இருந்தார். 1937இல் 'குட் எர்த்' வந்தபோது சீன நாயகி வேடம் சீனரல்லாத லூயிஸ் ரைனருக்குத்தான் போனது.

ஓவியர்களுக்கு ஆசிரியர் பட்டம் கொடுப்பதென்றால் இந்தக் கணக்கையும் அவர்கள் பெயரில்தான் எழுத வேண்டும்.

---

பழுப்புத்தாள் எழுதியது:

எழுதத்தான் வேண்டும், கரைவேட்டி. மறுக்கவே மாட்டேன். ஒரு கதையைப் படித்தவன் ஆயிரம் பேர் என்றால் அட்டையைக் கடந்து போனவன் அதைவிடப் பல மடங்கு, காசு கொடுக்காதவன் கண்ணிலும் அது பட்டது. அந்த முகங்கள் செய்த கேடு அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. படத்துக்கு அவ்வளவு பலம் இருந்தது என்பதால்தான் அதை வரைந்தவர்களின் பொறுப்பைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. "எடிட்டர் சொன்னார், வரைந்தேன்" என்பது பாதி உண்மைதான்.

---

இடைவேளை எழுதியது:

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பாட்டிஸ்ட் மடலேனா. இத்தாலியில் பிறந்து அமெரிக்கா வந்தவர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில், கோடாக் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மேன் கட்டிய ஈஸ்ட்மேன் தியேட்டருக்கு 1924இலிருந்து சுவரொட்டி வரைந்தார். ஸ்டுடியோ அனுப்பும் அச்சுச் சுவரொட்டி ஈஸ்ட்மேனுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கையால் வரைந்தது வேண்டும், அதுவும் டிராம் வண்டியில் போகிறவன் கண்ணில் படும்படி. மடலேனா பெரும்பாலும் படத்தைப் பார்க்காமலேயே, வந்த ஸ்டில்களையும் குறிப்புகளையும் வைத்து வரைந்தார். நான்கு ஆண்டுகளில் சுமார் 1,400. எல்லாமே ஒற்றைப் பிரதி.

1928இல் தியேட்டர் கைமாறியது. ஒரு மழை நாளில் அந்தப் பக்கம் போனவர், தியேட்டருக்குப் பின்னால் தன் சுவரொட்டிகள் குப்பையில் நனைந்து கிடப்பதைப் பார்த்தார். முடிந்தவரை சைக்கிளில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனார். மிஞ்சியவை 225 அளவில். 2008இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. ஒற்றைத்திரை நண்பர் அவற்றின் ஸ்கேன்களை ஒருமுறை பார்க்க வேண்டும். சில படங்களைவிட அந்தத் தாள்களில்தான் அதிக சினிமா இருக்கிறது.

---

ஒற்றைத்திரை எழுதியது:

பார்த்தேன். மடலேனாவைப் பொறுத்தவரை வாதத்தை விட்டுவிடுகிறேன். அவர் எதையும் விளக்கவில்லை, தானாகவே ஒன்றை உண்டாக்கியிருக்கிறார். ஹாமெட் விஷயத்தில் என் நிலை மாறவில்லை.

---

புதுவரவு எழுதியது:

அண்ணன்மாரே, அக்கா, இழை முழுவதும் படித்தேன். இந்தியாவில் இருந்துகொண்டு இவற்றையெல்லாம் எங்கே பார்ப்பது? ஒன்றிரண்டு அசல் வாங்க ஆசை. ஏலத்தில் பழைய ஹாரர் படச் சுவரொட்டிகள் கோடிக்கணக்கில் போவதாகப் படித்தேன், பயமாக இருக்கிறது. போலி எது, அசல் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

மைவண்ணன் எழுதியது:

தம்பி, முதலில் பார்ப்பதற்கு. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பல்ப் இதழ்கள் அட்டை முதல் கடைசிப் பக்க விளம்பரம் வரை ஸ்கேனாகக் கிடைக்கின்றன, காசில்லை. 'ஃபோட்டோபிளே', 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' போன்ற பழைய சினிமா இதழ்களுக்கு மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி. இடைவேளை சொன்ன 1910 விளம்பரத்தை அங்கே தேடிப் பாருங்கள்.

கோடிக் கணக்கு உண்மைதான். 1927இல் வந்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' சுவரொட்டி 2014இல் 4,78,000 டாலருக்குப் போனது, அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. 1931 'டிராகுலா' சுவரொட்டி 2017இல் 5,25,800 டாலர். அந்தப் பக்கம் நாம் போக வேண்டாம். சாதாரண வெஸ்டர்ன், காதல் கதை பல்ப் இதழ்கள் இன்றும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கின்றன, அட்டையும் நன்றாகவே இருக்கும்.

சுவரொட்டியில் முதலில் அளவு பாருங்கள். அந்தக் காலத்து ஒற்றைத் தாள் சுவரொட்டி 27க்கு 41 அங்குலம். 27க்கு 40 என்று வந்தால் பிற்காலத்துப் பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம். தியேட்டர் முன்கூடத்தில் மாட்டும் லாபி கார்டு 11க்கு 14. தியேட்டருக்கு மடித்துத்தான் அனுப்புவார்கள், ஆகவே மடிப்புக்கோடு இருப்பது குறையில்லை, துளிகூட மடிப்பே இல்லாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். கண்ணாடி லென்ஸ் வைத்துப் பாருங்கள். கல் லித்தோவில் சொரசொரப்பான மணி மணியான தடம் தெரியும். வரிசையான புள்ளிப் பூக்கள் தெரிந்தால் அது கல் லித்தோ இல்லை, ஆஃப்செட்டில் அடித்தது. பல்ப் அட்டைக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அசலிலேயே புள்ளி உண்டு. அங்கே உள்தாளைப் பாருங்கள். வெள்ளையாக, ஓரம் சீராக வெட்டியிருந்தால் மறுபதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வாங்கிய பிறகு லேமினேட் செய்துவிடாதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள். பாலியஸ்டர் உறையில் போட்டு, பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்து, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் படுக்கவையுங்கள். பி.வி.சி. உறை கூடவே கூடாது, மையை உறிஞ்சும். முதுகு உதிர்கிற இதழை விரித்துப் படிக்காதீர்கள், படிக்க ஸ்கேன் இருக்கிறது. முதலில் வாங்கப்போவதன் படம் இருந்தால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.